ஒரு ஆள் கெண்டி

"எத்தனை பேர் குடிக்க?" என்று கடைக்காரச் சீனர் மலாயில் கேட்டார். அவர் கடையில் தேத்தண்ணிக் கெண்டிகளை ஆள் கணக்கில்தான் அடுக்கியிருந்தார். மேல் தட்டில் ஆறு ஆள் கெண்டி, நடுத் தட்டில் நாலு ஆள், கீழே இரண்டு ஆள்.

சாரதாம்பாள் ஒரு விரலைக் காட்டினாள்.

"ஒருத்தரா?"

"ஒருத்தர்தான், தவுக்கே."

கடை முதலாளியான தவுக்கே அவளை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போய் வைக்கோல் திணித்த கூடை ஒன்றைத் தூக்கி வந்தார். "ஒரு ஆள் கெண்டி கேட்டு ரெண்டு விதமான ஆளுங்கதான் வருவாங்க. பெண்டாட்டி செத்துப்போனவன் ஒருத்தன். பெண்டாட்டி உயிரோட இருந்து ஓயாமப் பேசுதேன்னு ஓடி வந்தவன் ஒருத்தன். நீ எதுல சேர்த்தி?"

"ரெண்டுலயும் இல்ல. நானே ஒரு பெண்டாட்டி."

தவுக்கேவுக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே இருமலாக மாறியது. தெருப் பக்கம் திரும்பிக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த வெள்ளைத் துணியை எடுத்து வாயைப் பொத்தினாள். திரும்புவதற்கு முன் துணியைப் பார்த்தாள். வெள்ளையாகவே இருந்தது. இன்றைக்கு ஒன்றும் இல்லை.

மெர்டேக்காவுக்கு, நாடு சுதந்திரம் பெறுகிற நாளுக்கு, இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஆற்றுப் பக்கத்துக் கடைத்தெருவில் ஏணி போட்டுத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஊரே ஒரு தேதியை எண்ணிக்கொண்டிருந்தது. சாரதாம்பாள் எண்ணியது அதற்கு மூன்று நாள் பிந்திய தேதி.

பதினேழு நாளைக்கு முன்னால் குழாயடியில் துணி அலசும்போது அவள் இருமினாள். அலசி வைத்திருந்த வேட்டியின் மேல் ஒரு சிவப்புப் பொட்டு விழுந்தது. மூக்கிலிருந்து வந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுநாளும் விழுந்தது. அப்போது மூக்கைத் தடவிப் பார்த்தாள்; மூக்கு காய்ந்து கிடந்தது. வீட்டில் ஜாலான் பெண்டஹாராக் கடைத்தெருவுக்கு மசாலா வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். குளிர்ந்த பலகையில் நெஞ்சை ஒட்டி நிற்கவைத்தார்கள். மூச்சை இழு என்றார்கள், பிடி என்றார்கள், விடு என்றார்கள். படத்தைப் பார்த்துச் சொல்கிற பெரிய டாக்டர் லீவில் போகிறார், மெர்டேக்கா முடிந்து செவ்வாய்க்கிழமை வா என்று அனுப்பிவிட்டார்கள். வரும் வழியில் மறக்காமல் சீரகம் வாங்கிக்கொண்டாள்.

டாக்டர் சொல்லித்தான் அவளுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. அவள் குருபோங் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தவள். ஒன்பது வயது நடக்கும்போது அவளுடைய அம்மாவை லயத்துக்குப் பின்னால் இருந்த விறகுக் கொட்டகையில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள். கூடவே ஒரு தகரத் தட்டும் ஒரு தகரக் குவளையும். அந்தக் குவளையைப் பார்த்ததுமே லயத்து ஜனங்களுக்கு எல்லாம் விளங்கிப்போயிற்று. கையால் கொடுத்தால் ஒட்டிக்கொள்ளும், தட்டைக் காலால் தள்ளு என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளை தன்னைப் பெற்றவளுக்குக் காலால் சோறு தள்ளியது. அம்மா ஐந்து மாதம் இருந்தாள்.

இப்போது சாரதாம்பாளுக்கு முப்பத்திரண்டு வயது. மகள் கோகிலாவுக்கு ஆறு. பால்குடி மறந்த நாளிலிருந்து, அம்மா குடிக்கிற தேத்தண்ணியில் கடைசி வாய் கோகிலாவுடையது. கிளாஸ் அடியில் கரையாத சீனியும் டின் பாலும் தங்கியிருக்குமே, அந்த வாய். எங்கே விளையாடிக்கொண்டிருந்தாலும் அந்த நேரத்துக்குச் சரியாக வந்து நிற்பாள். சாரதாம்பாள் கிளாசைச் சாய்த்துப் பிள்ளையின் உதட்டில் வைப்பாள். அந்த வீட்டில் சாமி விளக்கு ஏற்றாமல் போன நாள் உண்டு. அந்தக் கடைசி வாய் தவறிய நாள் கிடையாது.

துணியில் சிவப்பைக் கண்ட நாளிலிருந்து அவள் மூன்று தடவை கைதவறினது போலக் கிளாசைக் கொட்டினாள். பிள்ளை அழுதது. நாத்தனார் பொன்னம்மா ஏறிட்டுப் பார்த்தாள். நாலாவது தடவை கொட்ட முடியாது. தனக்கென்று ஒரு தகரக் குவளையை எடுத்து வைத்தால் அன்றைக்கே கதை முடிந்தது: பிள்ளையைக் கொண்டுபோய் எங்காவது விடுவார்கள், அவளுக்கும் ஏதோ ஒரு கொட்டகை கிடைக்கும். செவ்வாய்க்கிழமை வரைக்குமாவது பிள்ளை தன் கண்ணில் படவேண்டும், ஆனால் தன் எச்சில் பிள்ளைமேல் படக்கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே கிடந்து யோசித்தபோதுதான், கல்யாணமான புதிதில் அவள் துணி துவைக்கப் போன சீனத்தி வீடு ஞாபகம் வந்தது. அந்த அம்மாள் மத்தியானத்தில் உள்ளங்கை அளவு மண் கெண்டியை வைத்துக்கொண்டு பாலும் சீனியும் இல்லாத கசப்புத் தேத்தண்ணியைத் தனியாக உட்கார்ந்து குடிப்பாள். அந்த வீட்டுப் பிள்ளைகள் ஒன்றுகூட அந்தப் பக்கம் எட்டிப்பார்க்காது.

தகரக் குவளை வைத்தால் நோய் என்பார்கள். அழகான கெண்டி வைத்தால் பவுசு என்பார்கள். பவுசுக்காரி என்ற பெயரை அவள் சுமந்துகொள்ளத் தயார்.

கூடையிலிருந்து தவுக்கே மூன்று கெண்டிகளை எடுத்துப் பலகையில் வைத்தார். மூன்றும் விறகுச் சூளையில் வெந்தவை. முதலாவது செக்கச்செவேல் என்று வழவழப்பாக இருந்தது. சாரதாம்பாள் அதன் மூடியால் வயிற்றுப் பக்கத்தை மெல்லத் தட்டினாள். சத்தம் எழும்பாமல் அமுங்கியது.

"விரிசல் இருக்கு."

"பாரேன், காது இருக்குது உனக்கு," என்று தவுக்கே அதைத் திரும்பக் கூடைக்குள் வைத்தார். கொஞ்சம்கூட வெட்கப்படவில்லை.

இரண்டாவதில் தண்ணீர் ஊற்றச் சொன்னாள். தன்னோடு ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்த கிளாசை எடுத்து வைத்தாள். அவள் தினமும் குடிக்கிற கிளாஸ். கெண்டி அழகாக ஊற்றியது, மூக்கு நுனியில் சொட்டுக்கூட வழியவில்லை. கிளாஸ் நிறைந்தது. கெண்டிக்குள் இன்னும் நாலு வாய் கிடந்தது.

"இது வேணாம் தவுக்கே. மிஞ்சுது."

"மிஞ்சினா என்ன? அதையும் நீயே குடி."

"மிஞ்சக்கூடாது."

மூன்றாவது, ஒரு சின்ன ஆரஞ்சுப்பழம் அளவுதான் இருந்தது. ஒரு பக்கம் பழுப்பு. மறு பக்கம் நெருப்பு நக்கிய இடம் கறுத்து, மேலே விழுந்த சாம்பல் உருகி வியர்வை மாதிரித் துளித்துளியாக நின்றிருந்தது. "இது சூளையில அடுப்பு வாய்க்குப் பக்கத்துல இருந்தது. நெருப்பை ரொம்பப் பார்த்தது. அதனால முகம் இப்படி ஆயிடுச்சு," என்றார் தவுக்கே.

மூடியை எடுத்துவிட்டுக் கெண்டியைப் பலகையில் கவிழ்த்தாள். வாயும் மூக்கும் கைப்பிடியும் ஒரே மட்டத்தில் பலகையைத் தொட்டன, ஆட்டம் இல்லை. நிமிர்த்தித் தண்ணீர் விட்டாள். மூடியில் இருந்த ஊசித்துளையை விரலால் அடைத்துக்கொண்டு சாய்த்தாள், தண்ணீர் வரவில்லை. விரலை எடுத்தாள், வந்தது. கிளாசின் விளிம்புக்குக் கீழே அவள் தினமும் நிறுத்துகிற அளவில் அது தானாக நின்றது. கெண்டியைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள். ஒரு சொட்டு இல்லை.

"இதுதான்," என்றாள்.

விலை பேசி முடித்ததும் தவுக்கே தன் கெண்டியிலிருந்து சின்னக் கோப்பையில் தேத்தண்ணி ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினார். அவள் கை நீட்டவில்லை.

"என் கோப்பையில குடிச்சா சாமி கோவிச்சுக்குமா?"

"இல்ல தவுக்கே. பல்வலி."

அவர் நம்பவில்லை. முகம் கொஞ்சம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கும்போது சொல்லி அனுப்பினார்: "புதுசைத் தேயிலையோட போட்டுக் கொதிக்க வை. சோப்பு போடாதே. இது பூச்சு இல்லாத மண்ணு. நீ எதை ஊத்தினாலும் குடிச்சு உள்ள வச்சுக்கும்."

அந்தப் பேச்சு அவளுக்குப் பிடிக்கவில்லை. வழியெல்லாம் காகிதப் பொட்டலத்தை மார்போடு அணைக்காமல், கையை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

காஜா பெராங்கில், தலைமுறைகளாக மலாய் பேசிப் பழகிய செட்டிகளின் கோயில் சந்துக்குப் பின்னால் இருந்தது அவர்கள் வாடகை வீடு. பலகைச் சுவர், தகரக் கூரை. அவள் புருஷன் மருதமுத்து டவுனில் தண்ணீர்க் குழாய் பதிக்கிற வேலை. அவனுடைய அக்கா பொன்னம்மா, புருஷன் இறந்தபின் ஏழு வருஷமாக இவர்களோடுதான் இருக்கிறாள். அவள் கண்ணுக்குத் தப்பி அந்த வீட்டில் ஒரு கடுகு தாளிக்க முடியாது.

"என்னடி இது, குருவிக்கு வீடு பார்த்துட்டு வந்தியா?"

"தேத்தண்ணிக் கெண்டிக்கா."

"யாருக்கு?"

"எனக்குத்தான். பால் தேத்தண்ணி நெஞ்சைக் கரிக்குது. சீனத் தேயிலை போட்டுக் குடிக்கலாம்னு."

பொன்னம்மா கெண்டியை வாங்கி, உள்ளே ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். "நாலு பேர் இருக்குற வீட்டுல ஒருத்தி மட்டும் குடிக்க ஒரு கெண்டி. நல்லா இருக்கு. இன்னிக்குக் கெண்டி. நாளைக்குத் தனி அடுப்பு. அதுக்கு அடுத்த நாள் தனி வாசல்."

மருதமுத்து கால் கழுவிக்கொண்டே சொன்னான்: "விடுக்கா. நாடே தனியாப் போகுது. இவ ஒரு கெண்டி அளவுக்குப் போயிட்டுப் போறா."

பொன்னம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "பவுசு," என்று சொல்லிக் கெண்டியைத் திருப்பிக் கொடுத்தாள். சாரதாம்பாளுக்கு அந்த வார்த்தை காதில் தேன் பாய்ந்த மாதிரி இருந்தது.

கோகிலா ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, கெண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். எதையும் கேட்டு வாங்கி அழுது தீர்க்கிற பிள்ளை அது. கேட்காமல் நின்றதைச் சாரதாம்பாள் கவனித்தாள், கவனித்ததோடு விட்டுவிட்டாள். அதன்மேல் யோசனை ஓடவில்லை.

மறுநாள் சீனத் தேயிலை வாங்கிவந்து, பொட்டலத்திலிருந்து காய்ந்த இலை ஒன்றைப் பிள்ளையின் நாக்கில் வைத்தாள். "சீ, வேப்பிலை," என்று பிள்ளை துப்பியது. "அம்மா இனிமே இதைத்தான் குடிப்பேன். கடைசி வாய் வேணுமா?" பிள்ளை தலையை ஆட்டியது. வேண்டாம். அன்றைக்குத்தான் அவள் பல நாளுக்குப் பிறகு நிம்மதியாக மூச்சு விட்டாள். விட்ட மூச்சும் இருமலில்தான் போய் முடிந்தது.

ஆனாலும் பழக்கம் லேசில் போகுமா. மூன்றாம் நாள் அவள் குடித்து வைத்த கிளாசைப் பிள்ளை எடுத்து மோந்து பார்த்தது. அன்றிலிருந்து கிளாசே வேண்டாம் என்று நிறுத்தினாள். ஓரமாகக் கிடந்தால்தானே பிள்ளை கை நீளும். பின்வாசல் படியில் உட்கார்ந்து, கெண்டியைத் துணியில் பிடித்துக்கொண்டு, மூக்கிலேயே வாய் வைத்து உறிஞ்சிக் குடித்தாள். குடித்து முடித்ததும் மூக்கின்மேல் கொதிநீரை ஊற்றி அடுப்போரம் வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போவாள். நனைந்த இலை மறுநாளைக்கும் ஆகும் என்று உள்ளேயே இருக்கும்.

"தொட்டில் பிள்ளை கெட்டது போ," என்று பொன்னம்மா சொன்னாள். "மூக்குல உறிஞ்சறதைப் பாரு."

நாள் போகப்போக ரவிக்கை தோளில் நிற்கவில்லை. சாயங்காலமானால் கன்னம் சுட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த செட்டி வீட்டம்மா பூப் பறித்துக்கொண்டே மலாயில் கேட்டாள், என்ன இப்படி இளைத்துப் போனாய், வயிற்றில் ஏதாவதா என்று. சாரதாம்பாள் வெட்கப்பட்டது மாதிரி சிரித்து வைத்தாள். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும். வெள்ளைத் துணிகளை இப்போது துவைப்பதில்லை. வாழை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தாள். ஒரு நாள் தோண்டும்போது முதுகுப் பக்கம் நிழல் விழுந்தது. பொன்னம்மா.

"என்ன புதைக்கிற?"

"மீன் முள்ளுக்கா. பூனை இழுக்குது."

நேற்று அந்த வீட்டில் மீன் சமைக்கவில்லை. பொன்னம்மா அதைச் சொல்லவில்லை. அவளுடைய வாய்க்கு அது புதுப் பழக்கம். சாரதாம்பாள் அவசரமாக மண்ணைத் தள்ளிக் குழியை மூடினாள்.

மெர்டேக்கா வந்தது. காலையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு கோகிலா ஊர்வலம் போய்விட்டுக் காகிதக் கொடியோடு திரும்பி வந்தாள். மத்தியானத்துக்கு மேல் மருதமுத்துவும் பொன்னம்மாவும் திடலில் வேடிக்கை பார்க்கக் கிளம்பினார்கள். தலைவலி என்று சாரதாம்பாள் தங்கினாள். பிள்ளையும் அசதியில் தங்கிவிட்டது. சந்தில் ஆள் நடமாட்டமே இல்லை. எங்கேயோ தூரத்தில் ஒலிபெருக்கி பேசுவது மட்டும் கேட்டது.

கெண்டியில் பாதி குடித்திருப்பாள். நெஞ்சுக்குள் ஏதோ கிழிந்தது மாதிரி இருந்தது. கெண்டியை அப்படியே அடுப்போரம் வைத்துவிட்டு, துணியை அள்ளிக்கொண்டு குளிக்கிற மறைப்புக்குள் ஓடினாள். இத்தனை நாளும் பொட்டுப் பொட்டாக வந்தது இன்றைக்கு வாய் நிறைய வந்தது. சிமெண்டுத் தரையைக் கழுவினாள், சுவரைக் கழுவினாள், உட்கார்ந்துவிட்டாள், மறுபடி எழுந்து கழுவினாள். கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

உள்ளே வந்தபோது கோகிலா அடுப்படியில் வாழை இலைக் கிழிசல்களைத் தட்டு தட்டாகப் பரப்பி, எதிரே துணிப் பொம்மையைச் சாய்த்து உட்காரவைத்திருந்தாள். நடுவில் கெண்டி. பக்கத்தில் டின் பாலும் கரண்டியும். பிள்ளை கெண்டியை இரண்டு கையாலும் தூக்கி, அம்மா பிடிக்கிற மாதிரியே துணியில் பிடித்து, மூக்கில் வாய் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. கழுத்தின் சின்ன எலும்பு ஏறி இறங்கியது.

சாரதாம்பாள் கேட்டாள்: "எதுக்கும்மா அதை எடுத்தே?"

"விளையாட." பிள்ளை வாயைத் துடைத்துக்கொண்டது. "சொப்புல்ல இது."

"அது அம்மாவோடது."

கோகிலா சிரித்தாள். "பெரியவங்க யாராவது இவ்ளோ சின்னதுல குடிப்பாங்களா? எனக்குத்தான் வாங்கிட்டு வந்தே. அத்தை திட்டும்னு உன்னோடதுன்னு பொய் சொல்றே. எனக்குத் தெரியும்."

சாரதாம்பாள் கெண்டியைப் பார்த்தாள். கடையில் அவள் விரிசல் பார்த்தாள், மட்டம் பார்த்தாள், ஊசித்துளை பார்த்தாள், அளவு பார்த்தாள். ஆறு வயதுப் பிள்ளையின் கண்ணால் ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். உள்ளங்கை அளவு மண் பாத்திரம், மூடியோடு, கைப்பிடியோடு. தோட்டத்து லயத்தில் அவளே சேற்றைப் பிசைந்து வெயிலில் காயவைத்து விளையாடியதும் இந்த அளவுதான்.

"இன்னிக்குத்தான் எடுத்தியா?"

"தினமும்தான். நீ குழாயடிக்குப் போனதும். டின் பாலும் தண்ணியும் ஊத்தினா கசக்காதும்மா." பிள்ளை கெண்டியை அவள் பக்கம் நீட்டியது. "உனக்கும் இருக்கு. கடைசி வாய்."

அவள் பிள்ளைக்கு எட்டாத தூரத்தில், சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள். திடலுக்குப் போனவர்கள் திரும்பும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அம்மா புதிதாக ஏதோ விளையாட்டு ஆடுகிறாள் என்று பிள்ளை நினைத்துக்கொண்டது.

அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டாள். துணி, சிவப்பு, படம், செவ்வாய்க்கிழமை, கெண்டி, எல்லாம். சுற்றி வளைக்கவில்லை.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள் பொன்னம்மா.

"இருபத்தாறு நாளாக்கா."

மருதமுத்து கையிலிருந்த கொடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா பிள்ளையைத் தள்ளி வச்சிருப்பீங்க."

"தள்ளித்தானே வைக்கணும், சாரதா."

பொன்னம்மா கூச்சல் போடுவாள் என்று சாரதாம்பாள் எதிர்பார்த்திருந்தாள். பொன்னம்மா புடவையை வரிந்து செருகிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள். வீட்டிலிருந்த கிளாஸ், தட்டு, கரண்டி, அகப்பை, தண்ணீர்ப் பானை மூடி வரைக்கும் எல்லாவற்றையும் பெரிய அண்டாவில் போட்டுக் கொதிக்கவைத்தாள். கெண்டியைக் குறட்டால் பிடித்துக் கொண்டுபோய் வாழை மரத்தடியில் புதைத்தாள். சாரதாம்பாளின் தட்டையும் கிளாசையும் தனியாகப் பிரித்து மேலே ஒரு நூல் கட்டினாள். "எச்சில் பட்டது ஒண்ணு விடாம வெந்துபோச்சு," என்றாள். "இனி பயமில்ல. செவ்வாய்க்கிழமை வரட்டும்." அடுப்புப் புகை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை நாலு பேரும் போனார்கள். பெரிய டாக்டர் படத்தைப் பார்த்து எழுதிக் கொடுத்ததை, டாக்டருக்கு உதவியாக இருக்கும் டிரெசர் அப்பாசாமிதான் தமிழில் எடுத்துச் சொன்னார். தடித்த கண்ணாடி போட்ட, நிதானமான மனிதர். காசநோய்தான்; நெஞ்சில் வலது பக்கம் மேலே ஓட்டை விழுந்திருக்கிறது. இன்றைக்கே வார்டில் சேர வேண்டும். ஊசி, மாத்திரை எல்லாம் இப்போது வந்திருக்கிறது. முன்போல இல்லை, ஆனால் வைத்தியம் ஒரு வருஷத்துக்குக் குறையாது.

சாரதாம்பாள் தன்னைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "பிள்ளையைப் பாருங்க சார்," என்றாள். கெண்டியின் கதையை ஒன்று விடாமல் சொன்னாள். எந்தத் தேதியில் வாங்கினாள், எத்தனை நாள் பிள்ளை குடித்திருக்கும், மூக்கின்மேல் எத்தனை தடவை கொதிநீர் ஊற்றினாள். அப்பாசாமி குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டே வந்தார். பொன்னம்மாவும் தன் பங்குக்கு அண்டாவில் வேகவைத்ததைச் சொன்னாள்.

"சரிம்மா. கெண்டியை விடுங்க," என்றார் அவர். "பிள்ளை ராத்திரியில எங்க படுக்குது?"

"அம்மாகூடத்தான்," என்று பொன்னம்மா முந்திக்கொண்டாள். "கழுத்தைக் கட்டிக்கிட்டாத்தான் தூங்கும். இந்த மூணு நாளும் நாந்தான் விட்டேன். ஆஸ்பத்திரியில சேர்த்துட்டா பிள்ளை ஏங்கிப்போயிடுமேன்னு."

அப்பாசாமி பேனாவைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எச்சில்ல ஒட்டுறதை விட இது மூச்சுல ஒட்டுறது ஜாஸ்தி. இருமுறப்ப காத்துல வரும். கதவைச் சாத்திப் படுத்தா அது அந்த அறைக்குள்ளயே நிக்கும்." அவர் யாரையும் திட்டவில்லை.

மூன்று பேரும் மேசையின் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாரதாம்பாளுக்குத் தன் கழுத்துப் பக்கம் ஈரமாக இருப்பது மாதிரி தோன்றியது. பிள்ளை வாயைத் திறந்துகொண்டுதான் தூங்கும். முகத்தை அவள் தாடைக்குக் கீழே புதைத்துக்கொள்ளும். இருமல் வந்தால் பிள்ளை விழித்துவிடுமே என்று, தலையைத் திருப்பாமல், அசையாமல், அடக்கி அடக்கி அந்த உச்சந்தலையின் மேலேயே இருமியிருக்கிறாள். இருபத்தாறு நாளும், அதற்குப் பிந்திய மூன்று நாளும். அதற்கு முன்னால் சிவப்பு விழாத நாட்கள் எத்தனையோ, அதை யார் எண்ணினார்கள்.

கோகிலாவின் இடது முன்கையில் தோலுக்கு அடியில் ஒரு சின்ன ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். வீங்கவில்லை என்றால் நோய் உள்ளே போகவில்லை. வீங்கினால் போயிருக்கிறது. பிள்ளையைப் பொன்னம்மா தூக்கிக்கொண்டு போனாள். சாரதாம்பாளை வேறு பக்கமாக அழைத்துப் போனார்கள்.

வார்டில் பதினாறு கட்டில். ஜன்னலெல்லாம் பெரிது பெரிதாகத் திறந்தே கிடந்தது. பக்கத்துக் கட்டில் மலாய்க்காரி ரொட்டி கொடுத்தாள், வாங்கித் தலைமாட்டில் வைத்தாள். சாயங்காலமானால் தன் இடது முன்கையை மடியில் வைத்து, அந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். தன் கையில் என்ன தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை பிள்ளையைக் கூட்டி வந்தார்கள். வார்டுக்குள் விடமாட்டார்கள். அப்பாசாமி பரிதாபப்பட்டு, சாரதாம்பாளை வராந்தாக் கம்பிக்கு உள்பக்கமாக நின்று பார்க்க அனுமதித்தார். வெளிப்பக்கம் பெஞ்சியில் கோகிலா, அவளுக்குப் பின்னால் பொன்னம்மா. மருதமுத்து வேலைக்குப் போகவில்லை. மரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

பொன்னம்மா பிள்ளைக்கு முழுக்கைச் சட்டை போட்டுவிட்டிருந்தாள். மூன்று நாளும் யாரும் தூக்கிப் பார்க்கக் கூடாது என்று மணிக்கட்டில் நூல் வைத்துக் கட்டியிருந்தாள். தானும் பார்க்கவில்லை என்று சத்தியம் செய்தாள். அப்பாசாமி நூலை அவிழ்த்துச் சட்டைக் கையை மெல்லச் சுருட்டி மேலே ஏற்றினார். கம்பிக்கு இந்தப் பக்கத்திலிருந்து அவருடைய தோள்தான் சாரதாம்பாளுக்குத் தெரிந்தது, கை தெரியவில்லை.

அவர் பிள்ளையின் கையை வெளிச்சத்தில் திருப்பினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலால் மணிக்கட்டிலிருந்து மேல்நோக்கி மெதுவாகத் தடவிக்கொண்டே போனார்.

"கூசுது மாமா," என்று கோகிலா நெளிந்தாள்.

கட்டைவிரல் ஓரிடத்தில் நின்றது. திரும்பி வந்து, மறுபடி போய், அதே இடத்தில் நின்றது. அப்பாசாமி மேல்பையிலிருந்து சின்ன அளவுகோலை எடுத்தார்.

"சத்தமாச் சொல்லுங்க சார்," என்றாள் சாரதாம்பாள். "எங்கிட்ட எதையும் மறைக்க வேணாம்."

அவர் திரும்பிப் பார்த்தார். "பதினாலு மில்லிமீட்டர்."

அது பெரிசா சின்னதா என்று அவளுக்குத் தெரியாது. பொன்னம்மாவுக்கும் தெரியாது. அவர் பெஞ்சியின் மறுகோடிக்குப் போய் உட்கார்ந்து, மடியிலிருந்த காகிதக் கட்டிலிருந்து ஒரு புது நோயாளிச் சீட்டை உருவி, அதன் தலையில் பிள்ளையின் பெயரைக் கேட்காமலே எழுத ஆரம்பித்தார்.